இண்டக்‌ஷன் அடுப்பு: பிளக் பாயின்ட் முதல் ரிப்பேர் கடை வரை

இண்டக்‌ஷன் அடுப்பு நின்றுவிட்டது என்று போன் செய்பவர்கள் முதலில் சொல்வது திரையில் வந்த எண்ணைத்தான். "ஈ3ன்னு காட்டுதுண்ணே, என்ன பண்றது?" ஒரு கம்பெனி அடுப்பில் வோல்டேஜ் கோளாறைக் குறிக்கும் எண், இன்னொரு கம்பெனியில் சென்சார் போனதைக் குறிக்கும். அடுப்போடு வந்த சின்னப் புத்தகம் கையில் இருந்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம். அந்தப் புத்தகம் எத்தனை வீட்டில் பத்திரமாக இருக்கிறது? அதனால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எப்போது நின்றது? போட்டவுடனேயா, பத்து நிமிஷம் கழித்தா, சாயங்காலம் மட்டுமா, ஏதோ ஒரு பாத்திரத்தை வைத்தால் மட்டுமா? இதற்குப் பதில் கிடைத்துவிட்டால், கோளாறு எந்தப் பக்கம் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

கீழே சொல்வதெல்லாம் மேடைமேல் வைத்துப் பயன்படுத்தும் ஒற்றை அடுப்புக்கு. 1200 முதல் 2200 வாட் வரை விற்கிறார்களே, அது. மேடையில் வெட்டிப் பதிக்கும் பெரிய அடுப்புகளின் கதை வேறு.

முதலில், உள்ளே என்ன நடக்கிறது

கண்ணாடிக்கு அடியில் தட்டையாகச் சுற்றிய செம்புக் கம்பிச் சுருள் இருக்கிறது. வீட்டுக் கரன்ட் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் போய்வருவது. அடுப்பு அதை 20,000 முறைக்கும் மேல் போய்வரும் கரன்ட்டாக்கிச் சுருளில் விடுகிறது. அதனால் உண்டாகும் காந்தப்புலம் இரும்புத் தன்மையுள்ள பாத்திரத்தின் அடியில் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்க, பாத்திரமே சூடாகிறது. கண்ணாடி சூடாவது பாத்திரத்திலிருந்து இறங்கும் சூட்டால்தான்.

இந்த வேலையைச் செய்யும்போது அடுப்பு ஐந்து விஷயங்களை ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். மேலே சரியான பாத்திரம் இருக்கிறதா? கண்ணாடியின் அடிப்பக்கம் எவ்வளவு சூடு? கரன்ட்டை வெட்டி வெட்டி அனுப்பும் ஐஜிபிடி என்ற பாகம் எவ்வளவு சூடு? வோல்டேஜ் சரியாக வருகிறதா? பட்டனில் யாராவது கை வைத்தார்களா? அடுப்பு தானாக நின்றால், இந்த ஐந்தில் ஒன்று அதற்குப் பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். பழுது பார்ப்பதெல்லாம் எது பிடிக்கவில்லை என்று கண்டுபிடிப்பதுதான்.

படி 1: பிளக் பாயின்ட்

அடுப்பு வாங்கும்முன் பார்க்க வேண்டியது சமையலறைச் சுவர். 2000 வாட் அடுப்பு 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர் இழுக்கும். மிக்சி போடும் சின்ன பிளக் பாயின்ட் 6 ஆம்பியருக்கானது. அதில் மாட்டினால் அன்றைக்கே ஒன்றும் ஆகாது, அதுதான் ஆபத்து. நாளாக ஆக உள்ளே பித்தளைப் பிடி தளர்ந்து, பிளாஸ்டிக் பழுப்பேறி, ஒருநாள் கருகல் வாசனை வரும். பெரிய பிளக் போடும் 16 ஆம்பியர் பாயின்ட்தான் வேண்டும். பழைய எலக்ட்ரீஷியன்கள் அதை "15 ஆம்ப் பவர் பிளக்" என்பார்கள்.

பாயின்ட்டை மட்டும் பெரிதாக மாற்றி, சுவருக்குள் போகும் ஒயரை அப்படியே விட்டுவிடும் வேலையும் நடக்கிறது. அந்தப் பாயின்ட்டுக்கு மெயின் போர்டிலிருந்து குறைந்தது 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயர் தனியாக வந்திருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். விளக்குக்கும் ஃபேனுக்கும் இழுத்த ஒயரில் அடுப்பை மாட்டினால் சுவருக்குள்ளே சூடேறுவது யார் கண்ணுக்கும் தெரியாது. பெரிய பிளக்கை சின்னப் பாயின்ட்டில் செருக விற்கும் மாற்று பிளக்கை வாங்கவே வாங்காதீர்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் வேண்டாம். சுருட்டி வைத்த எக்ஸ்டென்ஷன் ஒயர் அதைவிட மோசம்.

அடுத்தது எர்த். பாத்திரத்தைத் தொட்டால் லேசாகச் சுருக்கென்று கடிக்கிறது என்று பலர் சொல்வதற்கு முதல் காரணம், பிளக்கின் மூன்றாவது துளையில் எர்த் வராததுதான். வேகமாக மாறும் கரன்ட் கண்ணாடியைத் தாண்டிப் பாத்திரத்துக்கும் அடுப்பின் உடம்புக்கும் கொஞ்சம் கசியும்; எர்த் சரியாக இருந்தால் உடம்பில் வருவது அந்த வழியே போய்விடும். பழைய வீடுகளில் மூன்று துளை இருக்கும், பின்னால் இரண்டு ஒயர்தான் இருக்கும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு சோதிப்பது அரைமணி நேர வேலை. மெயின் போர்டில் ஆர்சிசிபி (கரன்ட் கசிந்தால் தானாக அணைந்துவிடும் சுவிட்ச்) இல்லையென்றால் அதே நாளில் அதையும் போட்டுவிடுங்கள்.

இன்வெர்ட்டரைப் பற்றி ஒரே வரி: வீட்டில் ஃபேன், லைட்டுக்கு வைத்திருக்கும் சாதாரண இன்வெர்ட்டரால் இந்த அடுப்பை இழுக்க முடியாது, முயற்சியும் வேண்டாம்.

படி 2: பாத்திரம்

கடைக்குப் போகும்போது ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும் காந்தம் ஒன்றை எடுத்துக்கொண்டு போங்கள். பாத்திரத்தின் அடியில் அது கெட்டியாக ஒட்டினால் வேலை செய்யும். நழுவினால் அரைகுறை. ஒட்டவே இல்லையென்றால் அடுப்பு பீப் அடித்துக்கொண்டே இருக்கும்.

அலுமினியம், செம்பு, பித்தளை, மண்சட்டி, கல்சட்டி, ஈயச்சொம்பு எதுவும் ஆகாது. எவர்சில்வரில்தான் குழப்பம். பளபளவென்று இருப்பதெல்லாம் ஒரே எஃகு கிடையாது; நல்ல தரம் என்று பெயர் வாங்கிய 304 எஃகில் காந்தம் அநேகமாக ஒட்டாது, விலை குறைந்த 430 எஃகில் நன்றாக ஒட்டும். பாட்டி காலத்துக் கனமான எவர்சில்வர் குண்டான் வேலை செய்யாமல், நேற்று வாங்கிய மெல்லிய பாத்திரம் வேலை செய்வது இதனால்தான். அலுமினிய குக்கர் வேண்டுமென்றால் அடியில் எஃகுத் தகடு ஒட்டிய "இண்டக்‌ஷன் பேஸ்" குக்கர் வாங்க வேண்டும்.

காந்தம் ஒட்டினால் மட்டும் போதாது. அடி தட்டையாக இருக்க வேண்டும். ஸ்கேலை நெடுக்காக அடியில் வைத்துப் பாருங்கள். நடுவில் இடைவெளி தெரிந்தால் அந்த இடத்தில் கண்ணாடிக்கும் பாத்திரத்துக்கும் தொடர்பு இல்லை. தண்ணீர் வற்றிப்போய்க் காய்ந்த குக்கர்கள் எல்லாம் இப்படி வளைந்துதான் இருக்கும். சென்சார் இருப்பது நடுவில். பாத்திரம் அங்கே தொடவில்லையென்றால் அடுப்புக்குச் சூடு தெரியாது, எண்ணெய் புகையும்வரை அடுப்பு ஓடிக்கொண்டே இருக்கும். உருண்டை அடி வாணலியும் இதே காரணத்தால் ஆகாது.

அடியின் விட்டம் 12 செ.மீ.க்குக் குறைந்தால் பெரும்பாலான அடுப்புகள் பாத்திரம் இருப்பதையே கண்டுகொள்ளாது. டிகாஷன் சுடவைக்கும் டபராவை வைத்துவிட்டு அடுப்பு ரிப்பேர் என்று சொல்பவர்கள் உண்டு.

இரும்பு தோசைக்கல் வேலை செய்யும். ஆனால் அதை மெதுவாகச் சூடாக்க வேண்டும். சுருள் எவ்வளவு அகலமோ அந்த வட்டம் மட்டும்தான் நேரடியாகச் சூடாகும், விளிம்பு பின்தங்கியே இருக்கும். எடுத்த எடுப்பில் 2000 வாட்டில் வைத்தால் வார்ப்பிரும்புக் கல் விரிசல் விடக்கூடும். 600, 800 வாட்டில் ஐந்தாறு நிமிஷம் காயவிட்டு அப்புறம் 1000, 1200க்கு ஏற்றுங்கள். கல்லை நகர்த்த வேண்டுமானால் தூக்கி வையுங்கள். சொரசொரப்பான அடியைக் கண்ணாடியில் தேய்த்தால் கீறல்தான். நான்ஸ்டிக் கல்லை வெறுமனே முழு வாட்டில் வைப்பது இன்னொரு தவறு. அந்தப் பூச்சு 260 டிகிரிக்கு மேல் சிதையத் தொடங்கும். வெறும் கல் அந்தச் சூட்டைத் தொடச் சில நிமிஷங்கள்கூட ஆகாது.

படி 3: வைக்கும் இடம்

அடுப்பைத் திருப்பிப் பாருங்கள். அடியில் ஃபேன் இருக்கிறது. அங்கிருந்துதான் காற்றை இழுத்துப் பின்பக்கமோ பக்கவாட்டிலோ தள்ளும். அடியில் பேப்பர் விரித்தாலும், மெல்லிய பிளாஸ்டிக் விரிப்பு போட்டாலும் ஃபேன் அதை இழுத்து வாயில் ஒட்டிக்கொள்ளும். காற்று நின்றால் ஐஜிபிடி சூடாகும், அடுப்பு நிற்கும். வெறும் கல் மேடையில், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தால் போதும். கேஸ் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால் அந்தச் சூட்டையும் எண்ணெய்ப் புகையையும் சேர்த்து உள்ளே இழுக்கும்.

வீட்டில் யாருக்காவது பேஸ்மேக்கர் இருந்தால் ஓடும் அடுப்பிலிருந்து 60 செ.மீ.யாவது, அதாவது இரண்டடி தள்ளி இருக்கச் சொல்வார்கள். அவர்களுடைய டாக்டரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

படி 4: அன்றாடச் சமையல்

இட்லி, தோசை, பால், கறி என்று படம் போட்ட பட்டன்களை நான் தொடுவதில்லை. அவையெல்லாம் ஒரு வாட் அளவும் ஒரு நேர அளவும் சேர்ந்ததுதான். உங்கள் பாத்திரத்தின் அளவோ மாவின் பதமோ அதற்குத் தெரியாது. வாட்டை நீங்களே கூட்டிக் குறைப்பதுதான் கைக்கு அடங்கும்.

விலை குறைந்த அடுப்புகளில் ஒரு குணம் உண்டு, அது தெரியாமல்தான் பாதிப் புகார்கள். 300 வாட் என்று நீங்கள் வைத்தாலும் அது தொடர்ந்து 300 வாட் தராது. ஏறக்குறைய 1000 வாட்டில் சில நொடி ஓடும், சில நொடி நிற்கும். சராசரியில் 300 வரும். ரசம் பொங்குவதும் அடங்குவதுமாக மாறி மாறி இருந்தால் அது கோளாறு இல்லை, அடுப்பு அப்படித்தான். பால் அடிப்பிடிப்பதற்கும் இதில் பங்கு உண்டு. கனமான அடியுள்ள பாத்திரம் இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கிக்கொள்ளும். பாலுக்கு 800 வாட் போதும். ஊற்றுவதற்குமுன் பாத்திரத்தில் கொஞ்சம் தண்ணீர் விட்டுச் சுழற்றும் பழைய பழக்கம் இங்கேயும் உதவும்.

குக்கரை 2000 வாட்டில் வைத்தால் விசில் சீக்கிரம் வந்துவிடும், அரிசி வெந்திருக்காது. கேஸில் மூன்று விசில் என்ற கணக்கு இங்கே செல்லாது. முதல் விசில் வந்ததும் 800க்கு இறக்கிவிட்டு நேரத்தை வைத்துக் கணக்குப் பண்ணுங்கள்.

டிகிரி காட்டும் பயன்முறையை வடை, அப்பளம் பொரிக்க நம்ப வேண்டாம். சென்சார் அளப்பது கண்ணாடியின் அடிப்பக்கத்தை. எண்ணெயின் சூடு அதற்கு நேராகத் தெரியாது. எண்ணெய் அடுப்பில் இருக்கும்போது பக்கத்தை விட்டு நகராதீர்கள்.

சமைத்து முடித்ததும் அடுப்பின் பட்டனை அணையுங்கள்; சுவர் சுவிட்சை உடனே தட்டிவிடாதீர்கள். ஃபேன் இன்னும் ஒரு நிமிஷமோ கூடவோ ஓடி உள்ளே இருக்கும் சூட்டை வெளியே தள்ளும். கரன்ட் மிச்சம் என்று நினைத்து சுவரில் அணைத்தால், அத்தனை சூடும் ஐஜிபிடியின் தலையில் தங்கும். ஃபேன் நின்றபிறகு சுவர் சுவிட்சை அணைத்தால் நல்லது. இரவில் வோல்டேஜ் எகிறினாலும் அடுப்புக்குப் பாதிப்பு வராது.

பில் எவ்வளவு வரும்

14.2 கிலோ சிலிண்டர் எரிந்தால் வரும் வெப்பம் ஏறக்குறைய 180 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். கேஸ் அடுப்பில் அதில் மூன்றில் இரண்டு பங்குதான் பாத்திரத்துக்குள் போகிறது. இண்டக்‌ஷனில் 85 சதவீதம் அளவுக்குப் போகும். ஆக ஒரு சிலிண்டர் செய்யும் வேலையைச் செய்ய 140 யூனிட் போல ஆகும் என்று வைத்துக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டில் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, ஸ்லாப் கணக்கில் வருவதால், அந்த 140 யூனிட் உங்கள் பில்லில் எந்த இடத்தில் விழுகிறது என்பதுதான் கேள்வி. கோடையில் ஏசி ஓடும் வீட்டில் அது மேல் ஸ்லாப்பில் விழும். யூனிட்டுக்கு அதிக விலை. ஏசி இல்லாத சின்னக் குடும்பத்துக்கு லாபமாக வரலாம். உங்கள் பழைய பில்லை எடுத்து 140ஐக் கூட்டிப் பாருங்கள். என் கருத்து: வெந்நீர், பால், சாதம், இட்லி இண்டக்‌ஷனில், தாளிப்பு, தோசை, வறுவல் கேஸில். இரண்டும் இருக்கிற வீட்டில் இரண்டுக்கும் ஆயுள் கூடும்.

துடைப்பது

பால் பொங்கி வழிந்தால் உடனே அணைத்து, கண்ணாடி ஆறியதும் ஈரத்துணியால் துடைத்தால் போதும். காய்ந்த கறைக்கு சமையல் சோடாவைக் குழைத்துப் பூசி, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, எலுமிச்சைத் தோலால் தேய்க்கலாம். ஸ்டீல் நார் வேண்டாம். அடுப்பைக் குழாயடியில் காட்டிக் கழுவுபவர்களையும் பார்த்திருக்கிறேன். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

அடியில் இருக்கும் ஃபேனைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். மாதம் ஒருமுறை பிளக்கைக் கழற்றி, திருப்பி வைத்து, பழைய பெயின்ட் பிரஷால் துளைகளில் இருக்கும் தூசியை எடுத்துவிடுங்கள்.

படி 5: நின்றுபோனால்

*எதுவும் எரியவில்லை.* அதே பாயின்ட்டில் வேறு ஏதாவது மாட்டிப் பாருங்கள். அது ஓடினால் அடுப்பின் ஒயரை, பிளக் பக்கம் வளையும் இடத்தில் பாருங்கள். அதுவும் சரியென்றால் உள்ளே ஃபியூஸ் போயிருக்கலாம், அல்லது சின்ன பவர் சப்ளை போயிருக்கலாம். இரண்டும் கடை வேலை. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

*விளக்கு எரிகிறது, பட்டன் எதுவும் வேலை செய்யவில்லை.* கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடும்முன் சைல்ட் லாக் விழுந்திருக்கிறதா பாருங்கள். பூட்டுப் படம் போட்ட பட்டனை மூன்று நொடிபோல அழுத்திப் பிடித்தால் விடுபடும். தொடு பட்டன் உள்ள அடுப்பில் பட்டன்மேல் ஈரமோ எண்ணெயோ இருந்தாலும் இதேதான். துடைத்துவிட்டு, சுவரில் அணைத்து ஒரு நிமிஷம் கழித்துப் போடுங்கள். அழுத்தும் பட்டன் அடுப்பாக இருந்து, ஒரே ஒரு பட்டன் மட்டும் பலமாக அழுத்தினால்தான் கேட்கிறது என்றால், உள்ளே உள்ள குட்டி சுவிட்ச் தேய்ந்துவிட்டது. மிகவும் மலிவான ரிப்பேர்களில் அது ஒன்று.

*பீப் அடித்துக்கொண்டே இருக்கிறது, சூடாகவில்லை.* பாத்திரம் பிடிக்கவில்லை. நிச்சயமாக வேலை செய்யும் வேறு ஒரு பாத்திரத்தை நடுவில் வைத்துப் பாருங்கள். எந்தப் பாத்திரத்தையும் ஏற்கவில்லையென்றால் உள்ளே சுருளோ, அதோடு சேர்ந்த கெப்பாசிட்டரோ (மின்சாரத்தைச் சேமித்து விடும் பாகம்), ஐஜிபிடியை இயக்கும் பகுதியோ பழுது.

*போட்ட உடனே பிழை எண்.* இன்னும் எதுவும் சூடாகவில்லை, ஆகவே சூட்டுக் கோளாறாக இருக்க முடியாது. சென்சார் ஒயர் அறுந்திருக்கும், அல்லது அதன் சின்னக் கனெக்டர் கழன்றிருக்கும். அல்லது அந்த நேரம் வோல்டேஜ் சரியில்லை. அடுப்பு கீழே விழுந்த பிறகோ, தூக்கி வேறு இடம் வைத்த பிறகோ வந்த கோளாறு என்றால் கனெக்டர்தான் என் முதல் சந்தேகம்.

*ஐந்து, பத்து நிமிஷம் ஓடிவிட்டு நிற்கிறது. ஆறவிட்டால் மறுபடி ஓடுகிறது.* இது சூடு. அடுப்பு ஓடும்போது காற்று வெளிவரும் பக்கத்தில் ஒரு மெல்லிய காகிதத் துண்டைப் பிடியுங்கள். அது நன்றாகத் தள்ளப்பட்டால் ஃபேன் சரி. அசையவில்லையென்றால் ஃபேன் நின்றிருக்கிறது அல்லது தூசியில் அடைத்திருக்கிறது. ஃபேன் நன்றாக ஓடியும் நிற்கிறது என்றால், ஐஜிபிடிக்கும் அதன் அலுமினியத் தகட்டுக்கும் நடுவில் தடவிய பசை காய்ந்துபோயிருக்கலாம். வெறும் பாத்திரம் காய்ந்தாலும் நிற்கும். அது அடுப்பு தன்னைக் காத்துக்கொள்வது. நின்று நின்று ஓடும் அடுப்பைப் பிடிவாதமாக ஓட்டாதீர்கள். இந்த நிலையில் கொண்டுவந்தால் ஃபேன் மாற்றும் செலவோடு போகும். இழுத்தடித்தால் ஐஜிபிடியும் போகும்.

*சாயங்காலம் மட்டும் நிற்கிறது, அல்லது மெதுவாகச் சூடாகிறது.* ஊரே மோட்டாரும் ஏசியும் போடும் நேரம். வோல்டேஜ் இறங்கியிருக்கும். மல்டிமீட்டர் இருந்தால் அடுப்பு ஓடும்போதும் நிறுத்தியிருக்கும்போதும் அதே போர்டில் அளந்து பாருங்கள். அடுப்பு போட்டதும் மட்டும் பலமாக இறங்கினால் உங்கள் வீட்டு ஒயரிலோ இணைப்பிலோ தளர்ச்சி. இரண்டு நேரமும் குறைவாகவே இருந்தால் தெரு லைன் பிரச்சினை; மின்வாரியப் புகார் மையமான மின்னகத்துக்கு 94987 94987 எண்ணில் புகார் கொடுங்கள். அடுப்புக்கென்று பெரிய ஸ்டெபிலைசர் வாங்குவதில் எனக்கு நம்பிக்கையில்லை, அதன் விலைக்கு இன்னொரு அடுப்பே வாங்கலாம். எதிர்மாறாக, விளக்குகள் திடீரென்று அளவுக்கு மீறிப் பிரகாசித்தால் நியூட்ரல் விட்டிருக்கலாம். அடுப்பை மட்டுமில்லை, மெயினையே அணைத்துவிட்டு ஆள் கூப்பிடுங்கள்.

*எப்போதும் மெதுவாகத்தான் சூடாகிறது.* இதற்கு வீட்டிலேயே ஒரு சோதனை உண்டு. தட்டையான, மூடியுள்ள பாத்திரத்தில் ஒரு லிட்டர் குழாய்த் தண்ணீர் வைத்து 2000 வாட்டில் போடுங்கள். 27 டிகிரியிலிருந்து கொதிக்க மூன்று, மூன்றரை நிமிஷம். 1200 வாட்டில் ஐந்து நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல். கனமான பாத்திரமென்றால் அரை நிமிஷம் கூடும். ஏழெட்டு நிமிஷம் ஆனால் ஏதோ சரியில்லை.

எது சரியில்லை என்பதை ஈபி மீட்டர் சொல்லும். வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, மீட்டரில் மின்னும் சிவப்பு விளக்கை ஒரு நிமிஷம் எண்ணுங்கள். ஒரு யூனிட்டுக்கு எத்தனை மின்னல் என்பது மீட்டரின் முகப்பிலேயே அச்சிட்டிருக்கும். 3200 என்று போட்டிருந்தால், 2000 வாட் அடுப்புக்கு நிமிஷத்துக்கு 106 மின்னல் வர வேண்டும். 1600 என்றால் 53. கணக்கு இதுதான்: ஒரு நிமிஷ எண்ணிக்கையை 60,000 ஆல் பெருக்கி, முகப்பு எண்ணால் வகுத்தால் வாட். 106க்குப் பதில் 60தான் வருகிறது என்றால் அடுப்பு முழு கரன்ட்டை இழுக்கவில்லை. வேறு பாத்திரம் வைத்து மறுபடி எண்ணுங்கள். எண்ணிக்கை ஏறினால் குற்றவாளி பழைய பாத்திரம், ஏறாவிட்டால் வோல்டேஜோ அடுப்போ.

*எம்சிபி விழுகிறது.* எம்சிபி என்பது கரன்ட் அளவு மீறினால் தானாக விழும் சுவிட்ச். அடுப்பைக் கழற்றிவிட்டு அதைத் தூக்குங்கள். அது விழாமல் நின்று, அடுப்பை மாட்டிய நொடியில் விழுந்தால், உள்ளே ஷார்ட். மறுபடி மறுபடி போட்டுப் பார்க்க வேண்டாம். கொஞ்ச நேரம் ஓடிய பிறகு விழுந்தால் அதே லைனில் ஹீட்டரோ கிரைண்டரோ சேர்ந்து ஓடுகிறதா பாருங்கள். விழுவது ஆர்சிசிபியாக இருந்தால் கரன்ட் எங்கேயோ கசிகிறது. வழிந்த பாலும் உப்புத் தண்ணீரும் உள்ளே இறங்கியிருக்கலாம்.

*சத்தம்.* லேசான ரீங்காரம், பாத்திரத்தின் அடித்தகடு அதிர்வதால் வருவது. பாத்திரத்தை மாற்றினால் சத்தமும் மாறும். குறைந்த வாட்டில் டிக் டிக் என்பதும் பரவாயில்லை. கரகரவென்று உரசும் சத்தம் ஃபேனில் வருவது, அதை விடக்கூடாது.

*கண்ணாடி விரிசல்.* முடி அளவு கீறல் என்றாலும், குழம்பு வழிந்தால் அது நேராகக் கரன்ட் ஓடும் சுருள்மேல் இறங்கும். அந்தச் சுருளுக்கும் வீட்டு மெயினுக்கும் நடுவில் பாதுகாப்பான பிரிப்பு எதுவும் கிடையாது. பிளக்கைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கண்ணாடி மாற்றிய பிறகு பயன்படுத்துங்கள். டேப் ஒட்டி ஓட்டுவதெல்லாம் வேண்டாம்.

நம் ஊர்ச் சமையலறையில் எந்தக் கம்பெனிப் புத்தகத்திலும் எழுதாத ஒரு கோளாறும் உண்டு: கரப்பான் பூச்சி. அணைத்த பிறகும் வெதுவெதுப்பாக இருக்கும், அடியில் தாராளமாக வழி இருக்கும், உணவுத் துணுக்கும் கிடைக்கும். இரவில் உள்ளே குடியேறும். காலையில் அடுப்பைப் போட்டதும் படார் என்று ஒரு சத்தம், அத்தோடு முடிந்தது. பல்லியும் இதேபோல் மாட்டிக்கொள்ளும். இரவு துடைத்து முடித்ததும் பிளக்கைக் கழற்றி, அடுப்பை மேடையில் கிடத்தாமல் அலமாரியில் நிமிர்த்தி வைப்பது எளிய தடுப்பு. பூச்சி மருந்தை அடுப்புக்குள்ளே அடிக்காதீர்கள்.

படி 6: ரிப்பேர் கடையில்

வீட்டில் திறந்து பார்க்கலாமா என்று கேட்டால், மின்னணு வேலை பழகாதவர் திறக்கக் கூடாது என்பேன். 230 வோல்ட்டை நேர் மின்னோட்டமாக்கினால் உச்சம் 325 வோல்ட். ஓடும்போது ஐஜிபிடியின் முனைகளில் அது இன்னும் சில மடங்கு எகிறும், அதனால்தான் 1200 வோல்ட் தாங்கும் பாகம் போடுகிறார்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் மிச்சம் இருக்கலாம்.

ஃபியூஸ் போன அடுப்புக்கு ஃபியூஸ் மட்டும் மாற்றிக் கொடுப்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். ஃபியூஸ் சும்மா போகாது. அதற்கு முன்னால் ஐஜிபிடியோ, வீட்டுக் கரன்ட்டை நேர் மின்னோட்டமாக்கும் பிரிட்ஜ் டயோடோ ஷார்ட் ஆகியிருக்கும். அவற்றை மாற்றுவதும் போதாது; எதனால் போனது என்று பார்க்காவிட்டால் புதிய ஐஜிபிடி நொடியில் அதே வழியில் போகும். மெக்கானிக்கிடம் இப்படிக் கேளுங்கள்: "அண்ணே, ஐஜிபிடி போச்சுன்னா, கெப்பாசிட்டர் வேல்யூ அளந்து பாத்தீங்களா? டிரைவர் டிரான்சிஸ்டர் சரியா இருக்கா? ஃபேன் சுத்துதா? சீரியஸ் பல்புல போட்டுப் பாத்தீங்களா?" சீரியஸ் பல்பு என்பது குண்டு பல்பு ஒன்றை அடுப்போடு தொடராக இணைத்து ஓட்டிப் பார்ப்பது; உள்ளே இன்னும் ஷார்ட் இருந்தால் பல்பு முழுசாக எரியும், புதிய பாகம் தப்பிக்கும். தொழில் தெரிந்தவர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார், விளக்கவே தொடங்குவார்.

சென்சார் மாற்றினால் அதைக் கண்ணாடியோடு ஒட்டும் வெள்ளைப் பசை தடவியிருக்கிறாரா என்றும் பாருங்கள். பல அடுப்புகளில் அந்தச் சென்சார் அறைச்சூட்டில் 100 கிலோ ஓம் அளவு காட்டும், சூடாக ஆகக் குறையும். அதே மதிப்புள்ளதைத்தான் போட வேண்டும். வேறு மதிப்பு போட்டால் அடுப்பு சூட்டைத் தப்பாகப் படிக்கும்.

ஃபேன், பட்டன், சென்சார், ஒயர் இவையெல்லாம் யோசிக்காமல் மாற்றலாம். ஐஜிபிடி கோளாறு முதல்முறை என்றால் மாற்றலாம். இரண்டாம் முறையும் அதுவே போனாலோ, போர்டு கருகியிருந்தாலோ, கேட்கிற தொகை புதிய அடுப்பின் விலையில் பாதியைத் தாண்டினாலோ விட்டுவிடுங்கள். வாரண்டி இருக்கும் அடுப்பை வெளிக் கடையில் திறக்கவிடக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

காசு கொடுப்பதற்குமுன் கடையிலேயே ஓட்டிப் பார்க்க வேண்டும். வீட்டிலிருந்து உங்கள் பாத்திரத்தையே கொண்டு போங்கள். விளக்கு எரிந்து சூடாவதைக் காட்டி "சரியாயிடுச்சு" என்று கொடுத்தால் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். பாத்திரம் நிறையத் தண்ணீர் ஊற்றி, முழு வாட்டில், கால் மணி நேரம் நிற்காமல் ஓடவிடுங்கள். ஓடும்போதே காற்று வரும் பக்கத்தில் காகிதத்தைப் பிடித்துப் பாருங்கள். அணைத்த பிறகு ஃபேன் கொஞ்ச நேரம் ஓடுகிறதா என்றும் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.